ஸ்விண்டன் ரயில் பணிமனையும் சுற்று ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே வில்ட்ஷர் மாவட்டத்தில் இருக்கிறது ஸ்விண்டன். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ரயில் பாதை போட்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, தன் இஞ்சின்களைப் பழுதுபார்க்க 1843-இல் இங்கே ஒரு பணிமனையைத் திறந்தது. 1986 வரை 143 ஆண்டுகள் அது இயங்கியது. விக்டோரியா மகாராணி காலத்து ரயில் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த ஊரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

பணிமனை வருவதற்கு முன் ஸ்விண்டன் எப்படி இருந்தது?

குன்றின் மேல் ஒரு சந்தை ஊர். 1801-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் 1,198 பேர்தான். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், பால் மாடுகள், கால்நடைச் சந்தை, கட்டடக் கல் வெட்டும் குவாரிகள். நிலத்தின் பெரும்பகுதி கோடார்ட் என்ற ஜமீன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1810-இல் குன்றின் அடிவாரத்தையொட்டி வில்ட்ஸ் அண்ட் பெர்க்ஸ் கால்வாய் திறக்கப்பட்டது. சாமர்செட் சுரங்கங்களின் நிலக்கரி படகில் வந்து இறங்கத் தொடங்கியது. ரயில் வருவதற்கு முன் இந்த ஊருக்கு நேர்ந்த பெரிய மாற்றம் அந்தக் கால்வாய்தான்.

இவ்வளவு சிறிய ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனெலும் இஞ்சின் பிரிவின் தலைவர் டேனியல் கூச்சும் வயலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். சாண்ட்விச்சை வீசி, அது விழுந்த இடத்தில் பணிமனையைக் கட்டச் சொன்னார்களாம். ஊரில் எல்லோரும் சொல்லும் கதை இது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நம்ப வேண்டியதில்லை. 1840 செப்டம்பர் 13 அன்று கூச் புருனெலுக்கு எழுதிய கடிதத்திலேயே காரணங்கள் தெளிவாக இருக்கின்றன.

முதல் காரணம் மேடு பள்ளம். லண்டனிலிருந்து ஸ்விண்டன் வரை 77 மைல் தூரத்துக்குப் பாதை கிட்டத்தட்டச் சமதளம். அதைத் தாண்டிப் பிரிஸ்டல் பக்கம் போனால் வூட்டன் பாசெட்டிலும் பாக்ஸ் சுரங்கத்திலும் நூறு அடிக்கு ஓர் அடி சரிவு இருக்கிறது. சமதளத்தில் விரைந்தோடப் பெரிய சக்கர இஞ்சினும், ஏற்றத்தில் இழுக்க வேறு வகை இஞ்சினும் வேண்டும். இஞ்சினை மாற்றிக்கொள்ள ஸ்விண்டன்தான் பொருத்தமான இடம். இரண்டாவது, குளோஸ்டர், செல்ட்டனம் நோக்கிப் போகும் கிளைப் பாதை அங்கேதான் பிரிகிறது. மூன்றாவது, நிலக்கரியும், அதைச் சுட்டு எடுக்கும் கோக் எரிபொருளும் கால்வாய் வழியாக மலிவாக வரும்.

தண்ணீர் போதாது என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. அந்தக் குறை பின்னால் பல ஆண்டுகள் தொல்லை கொடுத்தது. இருந்தாலும் 1841 பிப்ரவரியில் இயக்குநர்கள் ஒப்புதல் தந்தார்கள். 1843 ஜனவரி 2 அன்று நானூறு பேருக்குச் சற்று அதிகமான ஆட்களோடு வேலை தொடங்கியது. கடிதம் எழுதிய நாளில் கூச்சுக்கு வயது 24. இஞ்சின் பிரிவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது 21-கூட நிறையவில்லை.

எல்லா ரயிலும் ஸ்விண்டனில் பத்து நிமிடம் நின்றே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்ததா?

சட்டம் இல்லை, ஒப்பந்தம். ஆனால் அது சட்டத்தைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பாதை போட்டு முடித்தபோது நிறுவனத்திடம் பணம் இல்லை. ஜே. அண்ட் சி. ரிக்பி என்ற கட்டட ஒப்பந்தக்காரர்கள், ரயில் நிலையத்தையும் தொழிலாளர் வீடுகளையும் தங்கள் செலவிலேயே கட்டித்தர முன்வந்தார்கள். அதற்கு ஈடாக நிலையத்தின் சிற்றுண்டிச் சாலையை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டார்கள். வருட வாடகை ஒரு பென்னி. அத்துடன் அந்த வழியாகப் போகும் வழக்கமான பயணிகள் ரயில் ஒவ்வொன்றும் சிற்றுண்டிக்காக ஏறக்குறைய பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தார்கள். வீட்டு வாடகையும் தங்களுக்கே வரும்படி பார்த்துக்கொண்டார்கள்.

ரயில் பெட்டிக்குள் சாப்பாடும் கழிப்பறையும் இல்லாத காலம் அது. பத்து நிமிடத்தில் நூற்றுக்கணக்கானோர் முண்டியடித்து இறங்கி, கொதிக்கும் சூப்பை ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். வாடிக்கையாளர் வேறெங்கும் போக முடியாது என்றால் கடைக்காரர் தரத்தைப் பற்றி ஏன் கவலைப்படுகிறார்? காப்பி மோசமாக இருந்ததைப் பற்றி 1845-இல் புருனெலே ஒரு கடிதம் எழுதினார். உங்களிடம் காப்பி என்று ஒன்று இருப்பதாகவே நான் நம்பவில்லை, என்னால் முடிந்தவரை ஸ்விண்டனில் எதையும் வாயில் வைப்பதில்லை என்பது அதன் சாரம்.

நிறுவனம் விரைவு ரயில்களை ஒரே நிமிடத்தில் கிளப்பிவிடப் பார்த்தது. வழக்கு நீதிமன்றம் போய், தீர்ப்பு ஒப்பந்தக்காரர் பக்கமே வந்தது. குத்தகை கைமாறிக்கொண்டே போனது, விலையும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 1895-இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து நிறுவனம் அதை மீட்டுக்கொண்டது. கைமுதல் இல்லாமல் எழுதிய ஒரு நிபந்தனைக்காக அரை நூற்றாண்டுக்கும் மேல் பயணிகள் தங்கள் நேரத்தைக் கொடுத்தார்கள்.

ஸ்விண்டனில் செய்த முதல் இஞ்சின் எது?

ஆரம்பத்தில் பழுதுபார்ப்பது மட்டுமே வேலை. 1846 தொடக்கத்தில் வெளிவந்த 'பிரிமியர்' இஞ்சினுக்குக் கொதிகலன் வெளியிலிருந்து வந்தது. முழுக்க முழுக்க அங்கேயே செய்தது அதே ஆண்டு ஏப்ரலில் முடிந்த 'கிரேட் வெஸ்டர்ன்'. 13 வாரத்தில் கட்டி முடித்தார்கள். ஜூன் 1 அன்று லண்டன் பாடிங்டனிலிருந்து எக்சிட்டர் வரை 194 மைலை 208 நிமிடத்தில் ஓடிக் காட்டியது. புருனெலின் 7 அடி அகலப் பாதைதான் சிறந்ததா, மற்றவர்களின் 4 அடி எட்டரை அங்குலப் பாதையா என்ற போட்டி உச்சத்தில் இருந்த நேரம் அது. அதனால்தான் அத்தனை அவசரம். அடுத்த சில மாதங்களில் முன்அச்சு முறிந்து, முன்பக்கம் இன்னொரு ஜோடி சக்கரம் சேர்க்க வேண்டியதாயிற்று.

'ரயில்வே கிராமம்' என்பது என்ன?

பணிமனைக்கு எதிரே, தண்டவாளத்துக்குத் தெற்கே, தொழிலாளர்களுக்காகக் கட்டிய சுமார் 300 கல் வீடுகளின் தொகுப்பு. தெருக்களுக்கு அந்த ரயில் போகும் ஊர்களின் பெயரையே வைத்தார்கள்: லண்டன், ரெடிங், ஆக்ஸ்போர்ட், ஃபேரிங்டன், பிரிஸ்டல், பாத், எக்சிட்டர், டான்டன். வீட்டு முகப்பில் சிறு தோட்டம், பின்னால் சுவரடைத்த முற்றம். ரயிலில் போகிறவர்கள் பார்வையில் படும் பக்கத்துக்கு அலங்காரம் கூடுதலாக இருக்கும்.

வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே நிலைமை வேறு. வீட்டுக்கு ஓர் அறை அல்லது இரண்டு அறை. அதிலும் வாடகையைச் சமாளிக்க வெளியாட்களைத் தங்கவைத்தார்கள். வடிகால் சரியில்லை, குடிநீர் போதவில்லை. 1840-களிலும் 50-களிலும் காய்ச்சல் வந்தால் தெரு முழுக்கப் படுத்துவிடும். 'மாதிரிக் குடியிருப்பு' என்று இன்று புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தனி ஆட்களுக்காகக் கோபுரங்களோடு ஒரு பெரிய விடுதியும் கட்டினார்கள். ஊரார் அதைப் 'பாரக்ஸ்' என்றே அழைத்தார்கள். ஆயிரம் கட்டுப்பாடுகள் இருந்ததால் தனியாட்கள் அங்கே தங்க விரும்பவில்லை. பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலாவது ஒரு கட்டில் பார்த்துக்கொண்டார்கள். 1869-இல் அந்தக் கட்டடம் வெஸ்லியன் தேவாலயம் ஆனது. 1962-இல் ரயில்வே அருங்காட்சியகம் ஆனது.

வேல்ஸ் நாட்டவர் ஸ்விண்டனுக்கு எப்படி வந்தார்கள்?

தண்டவாளத்தைத் தாங்களே உருட்டித் தயாரிக்க 1861-இல் உருட்டாலை ஒன்றை அமைத்தார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் தெற்கு வேல்ஸில்தான் இருந்தார்கள். ட்ரெடிகார் என்ற இரும்பு நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முதலில் பாரக்ஸில் நெருக்கியடித்துத் தங்கினார்கள், பிறகு அவர்களுக்கென்றே கேம்ப்ரியா பிளேஸ் என்ற தெரு எழுந்தது. அங்கே அவர்கள் கட்டிய பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வழிபாடு வேல்ஷ் மொழியிலேயே நடந்தது.

மருத்துவ நிதிச் சங்கம் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?

ஸ்விண்டன் வரலாற்றில் இஞ்சின்களைவிடப் பெரிய விஷயம் இதுதான் என்பது என் கருத்து.

1847-இல் ரயில்வே தொழிலில் மந்தம் வந்தது. ஆட்குறைப்பு நடந்தது. வேலை இழந்தவர்களிடமும் குறைந்த நேரம் வேலை பார்த்தவர்களிடமும் டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அப்போது தொழிலாளர்கள் சேர்ந்து மருத்துவ நிதிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்தும், அவரவர் வருமானத்தைப் பொறுத்து, வாரம் ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டது. கூச் நிர்வாகத்திடம் பேசி டாக்டருக்கு இலவச வீட்டை வாங்கிக்கொடுத்தார். பதிலுக்குத் தொகை கட்டிய தொழிலாளிக்கும் அவருடைய மனைவி மக்களுக்கும் வைத்தியமும் மருந்தும் கிடைத்தது.

சில்லறையில் தொடங்கிய அந்தச் சங்கம் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 1870-களின் தொடக்கத்தில், தொண்டர் படையின் பழைய ஆயுதக்கிடங்கு ஒன்று விபத்து மருத்துவமனையாக மாறியது. 1890-களில் மில்டன் ரோட்டில் பெரிய கட்டடம் எழுந்தது: அதில் மருந்தகம், மருத்துவர் அறைகள், நீச்சல் குளங்கள், குளியல் தொட்டிகள், பிறகு துருக்கிய நீராவிக் குளியல். குழாய்த் தண்ணீரோ குளியலறையோ இல்லாத வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு வெந்நீர்த் தொட்டி என்பது ஆடம்பரம் அல்ல. பல் வைத்தியமும் சேர்ந்தது. வேலையில் கை கால் இழந்தவர்களுக்குப் பணிமனையிலேயே செயற்கை உறுப்பு செய்து கொடுத்தார்கள். ரயில் பெட்டி செய்த தச்சர்களின் கைத்திறமை அப்படி ஒரு வேலைக்கும் போனது.

1948-இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது சங்கம் அதில் கலந்தது. அதை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன், ஸ்விண்டனில் முழுமையான சுகாதாரச் சேவை ஏற்கெனவே இருந்தது, அதை நாடு முழுவதும் விரித்தோம் என்று சொன்னதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பெவன் பிறந்த ஊர் ட்ரெடிகார். அங்கேயும் சுரங்கத் தொழிலாளர்களும் இரும்பாலைத் தொழிலாளர்களும் தங்கள் காசிலேயே இப்படி ஒரு மருத்துவச் சங்கத்தை நடத்தினார்கள். உருட்டாலைக்கு ஆள் அனுப்பிய அதே ட்ரெடிகார்தான்.

இதை நிறுவனத்தின் தர்மம் என்று எழுதுபவர்கள் உண்டு. நிறுவனம் இடம் கொடுத்தது, கட்டடம் கொடுத்தது, கூச் தன் கைப்பணமும் கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் நூறு ஆண்டுகள் வாரந்தோறும் கூலியிலிருந்து கொடுத்தவர்கள் கொல்லர்களும் கலாசிகளும் தச்சர்களும். சங்கத்தை நடத்திய குழுவும் அவர்கள் தேர்ந்தெடுத்ததுதான். முதல் மரியாதை அவர்களுக்கே போக வேண்டும்.

மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன் என்பது பள்ளிக்கூடமா?

பள்ளி, நூலகம், நாடகக் கொட்டகை, நடன அரங்கு எல்லாம் சேர்ந்தது. 1844-இல் தொழிலாளர்கள் தொடங்கியது. அதற்கு முன்பே அவர்களுக்குள் புத்தகங்களைச் சுற்றுக்கு விடும் நூலகம் இருந்தது. சொந்தக் கட்டடம் 1855-இல் திறக்கப்பட்டது; ஒட்டியே ஒரு சந்தைக் கூடமும் இருந்தது. காய்கறிக்காகக் குன்றேறிப் பழைய ஊருக்குப் போக வேண்டிய சிரமம் பெண்களுக்கு அப்போதுதான் தீர்ந்தது. மாலை வகுப்புகளில் இயந்திர வரைபடமும் கணக்கும் படித்துப் பட்டறை மேஸ்திரியாக உயர்ந்தவர்கள் ஏராளம். கோடையில் ரயில்வே பூங்காவில் குழந்தைகள் விழாவையும் இவர்கள்தான் நடத்துவார்கள். வரும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் பழக்கேக்கில் பெரிய துண்டு ஒன்று உண்டு.

பணிமனைச் சங்கின் மேல் ஒரு பிரபு புகார் கொடுத்தாராமே?

ஆம். விடியும் முன்பே ஆட்களை எழுப்பப் பணிமனைக் கூரையில் நீராவிச் சங்கு ஊதும். பன்னிரண்டு மைலுக்கு அப்பாலும் கேட்கும் என்பார்கள். சில மைல் தள்ளி லிடியர்ட் மாளிகையில் வசித்த போலிங்புரோக் பிரபுவுக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. 1873-இல் புகார் கொடுத்து உரிமத்தையே ரத்துசெய்ய வைத்தார். சங்கு இல்லாவிட்டால் நேரத்துக்கு எழ முடியாது, தாமதமானால் கூலி போகும் என்று ஊர் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். நிறுவனம் பக்கத்திலேயே இன்னொரு சங்கைப் பொருத்தியது, ஊதுவது நிற்கவில்லை.

கடிகாரம் வாங்க வசதியில்லாத காலத்தில் சுற்று வட்டாரக் கிராமங்களின் விவசாயிகளுக்கும் அந்தச் சங்குதான் மணி காட்டியது. 1986 மார்ச் 26 அன்று கடைசியாக ஊதியது.

உள்ளே வேலை எப்படி இருந்தது?

பட்டறைக்குப் பட்டறை வேறுபடும். பெட்டிகளுக்கு மெத்தை தைப்பவர், வண்ணம் பூசி எழுத்து எழுதுபவர் ஒரு பக்கம். வார்ப்படச் சாலை, கொல்லுலை, கொதிகலன் பட்டறை மறுபக்கம். ரிவெட் அடிக்கும் கொதிகலன் பட்டறையில் சில ஆண்டுகள் நின்றவருக்குக் காது போய்விடும். வேலைக்கு வருபவர் எண் பொறித்த பித்தளை வில்லையைப் போட்டுவிட்டு உள்ளே நுழைய வேண்டும். வாயில் மூடிய பின் வந்தால் அந்த வேளைக் கூலி இல்லை.

இந்த வாழ்க்கையை உள்ளிருந்தே பதிவுசெய்தவர் ஆல்பிரட் வில்லியம்ஸ். சௌத் மார்ஸ்டன் என்ற பக்கத்துக் கிராமத்துக்காரர், 1877-இல் பிறந்தவர். 1892 வாக்கில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி நீராவிச் சம்மட்டியின் கீழ் வைத்து அடிக்கும் பட்டறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். தினமும் பல மைல் நடந்து வந்து போவார். இதற்கு நடுவே தானாகவே லத்தீனும் கிரேக்கமும் படித்தார். உலைக்கு அருகே சுண்ணக்கட்டியால் கிரேக்க எழுத்துகளை எழுதிவைத்து, இரும்பு பழுக்கும் இடைவெளியில் மனப்பாடம் செய்தார். உடல் தளர்ந்து 1914-இல் வெளியேறினார். அதன் பிறகு அந்த வாழ்க்கையின் வெப்பத்தையும் அவமானத்தையும் ஒளிக்காமல் எழுதினார். மேலாளர்களுக்குப் பிடிக்கவில்லை.

முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். இமயமலை அடிவார ராணிகேத் அவருக்குப் பிடித்துப்போனது. ஊர் திரும்பி, கைவிடப்பட்ட கால்வாயின் மதகிலிருந்து செங்கற்களைப் பெயர்த்தெடுத்து, கணவனும் மனைவியுமாக ஒரு வீட்டைக் கட்டினார்கள். வீட்டுக்கு ராணிகேத் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சமஸ்கிருதம் படித்துப் பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தார். அது வெளிவந்த 1930-லேயே இறந்தார். அவருடைய வறுமை கடைசிவரை தீரவில்லை.

பெண்களுக்கு வேலை இருந்ததா?

1870-களில் இஞ்சின் பிரிவின் தலைவர் ஜோசப் ஆம்ஸ்ட்ராங் பெட்டிகளின் உட்புறத் தையல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்தார். தனி அறை, தனி வாயில். நகரில் ரயில்வே சீருடை தைக்கும் ஆலையும் பிற ஆடை ஆலைகளும் வந்தபோது, தொழிலாளர்களின் மகள்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. கனரகப் பட்டறைகளுக்குள் பெண்கள் நுழைந்தது இரண்டு உலகப் போர்களின்போதுதான்.

புருனெலின் 7 அடி அகலப் பாதை கைவிடப்பட்டபோது ஸ்விண்டனில் என்ன நடந்தது?

1892 மே 20 வெள்ளிக்கிழமையோடு கடைசி அகலப் பாதை ரயில்கள் நின்றன. சனி, ஞாயிறு இரண்டே நாளில் எக்சிட்டருக்கு மேற்கே மீதமிருந்த பாதை முழுவதையும் நாலாயிரத்துக்கும் அதிகமான ஆட்கள் குறுக்கி முடித்தார்கள். திங்கட்கிழமை ரயில் ஓடியது.

பழைய இஞ்சின்களும் பெட்டிகளும் அதற்கு முன்பே ஸ்விண்டனுக்கு வந்து குவிந்துவிட்டன. அவற்றை நிறுத்த 15 மைல் நீளத்துக்குத் தற்காலிகத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். ஏறத்தாழ 200 இஞ்சின்கள் வரிசை வரிசையாகப் புகைபோக்கியோடு நின்ற புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை உடைத்து உருக்கினார்கள். மாற்றியமைக்கும்படி முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தவை மட்டும் குறுகிய சக்கரத்துக்கு மாறி மீண்டும் ஓடின. கட்டியவர்களே உடைக்க வேண்டி வந்தது.

'டிரிப்' என்று ஸ்விண்டன்காரர்கள் சொல்வது எதை?

ஆண்டுக்கு ஒருமுறை பணிமனையே மூடி, ஊரே ரயிலேறிப் போகும் விடுமுறை. 1849-இல் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன் சுமார் 500 பேரை ஆக்ஸ்போர்டுக்கு அழைத்துப்போனதில் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவிலும் விடியலிலுமாகக் கிளம்பினார்கள். நிலையத்தில் அத்தனை கூட்டத்துக்கு இடம் ஏது? பணிமனைத் தண்டவாளங்களிலேயே ரயில்களை நிறுத்தி, மர ஏணி வைத்துப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிடுவார்கள். வேமத், வெஸ்டன், டென்பி, செயிண்ட் ஐவ்ஸ் என்று கடற்கரை ஊர்களுக்குப் போவார்கள்.

பயணம் இலவசம், ஆனால் விடுமுறைக்குக் கூலி கிடையாது. 1930-களின் இறுதி வரை அப்படித்தான். சம்பளமில்லாத வாரத்தைச் சமாளிக்க ஆண்டு முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். அந்த வாரம் ஸ்விண்டன் கடைக்காரர்களும் கடையைச் சாத்தினார்கள், வாங்க ஆள் இருந்தால்தானே!

பழைய ஊரும் புதிய ஊரும் எப்போது ஒன்றாயின?

1900-இல். அதுவரை குன்றின் மேல் பழைய ஸ்விண்டன், கீழே புதிய ஸ்விண்டன் என்று இரண்டு நிர்வாகங்கள். மேலே வழக்கறிஞர்களும் வணிகர்களும், கீழே பணிமனை ஆட்கள். இரண்டுக்கும் இடையே வயல்கள். வயல்கள் வீடாகி முடிந்த பிறகும் மனத்தாங்கல் இருந்தது. இணைந்த நகரின் முதல் மேயர் ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வார்ட். அப்போது பணிமனையின் தலைமைப் பொறுப்பில் உயர்ந்துகொண்டிருந்த பொறியாளர். அடுத்த ஆண்டுக் கணக்கில் நகரின் மக்கள்தொகை சுமார் 45 ஆயிரம். நூறு ஆண்டில் ஏறக்குறைய நாற்பது மடங்கு.

சர்ச்வார்ட் ஓய்வுபெற்ற பிறகும் பணிமனையை ஒட்டிய வீட்டிலேயே வசித்தார். 1933 டிசம்பரில் ஒரு காலைப் பொழுதில் தண்டவாளத்தைக் கடக்கும்போது விரைவு ரயில் மோதி இறந்தார்.

சுற்று ஊர்கள் எப்படி மாறின?

ராட்போர்ன், கோர்ஸ் ஹில் இரண்டும் பணிமனைத் தொழிலாளர்களின் செங்கல் வீடுகளால் நிறைந்து நகரோடு கலந்துவிட்டன. ஸ்ட்ராட்டன், பர்ட்டன், ராட்டன் கிராமங்களிலிருந்து ஆட்கள் நடந்தே வந்தார்கள். பண்ணைக் கூலியைவிடப் பணிமனைக் கூலி அதிகம், அதனால் நிலச்சுவான்தார்களுக்கு ஆள் கிடைப்பது கடினமாயிற்று.

ஹைவர்த் கதை தனி. குன்றின் மேல் இருந்த அந்தச் சந்தை ஊர் ஸ்விண்டனுக்குப் போட்டியாக இருந்திருக்க வேண்டியது; முதன்மைப் பாதை தள்ளிப் போனதால் தேங்கியது. 1883-இல் ஒரு கிளைப் பாதை வந்தது. 1953-இல் பொதுப் பயணிகளுக்கு அது மூடப்பட்ட பிறகும், பணிமனைத் தொழிலாளர்களுக்காக மட்டும் 1962 வரை அதில் ரயில் ஓடியது. குன்றின் மேல் பழைய ஸ்விண்டனுக்கு 1881-இல் மார்ல்பரோ பக்கமிருந்து வேறொரு நிறுவனத்தின் பாதையும் நிலையமும் வந்தன. கால்வாய்க்கோ ரயில்தான் எமன். எந்தக் கால்வாயின் நிலக்கரியை நம்பிப் பணிமனை வந்ததோ, அது 1914-இல் சட்டப்படியே கைவிடப்பட்டது.

தப்பிப்போன ஊர் ஒன்றும் உண்டு: ஆக்ஸ்போர்ட். 1865-இல் பெட்டி செய்யும் பணிமனையை அங்கே வைக்கத்தான் நிறுவனம் எண்ணியது. நகராட்சி வரவேற்றது, பல்கலைக்கழகம் எதிர்த்தது. அந்த நேரத்தில் நிறுவனத் தலைவரான கூச் அதை ஸ்விண்டனுக்கே கொண்டுவந்தார். நகரம் இரட்டிப்பாக வளர்ந்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

உச்ச காலம் எது?

1920-களும் 30-களும். 326 ஏக்கர் பரப்பு, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். இஞ்சின்களைப் பொருத்திய 'ஏ' பட்டறை மட்டும் 11 ஏக்கருக்கு மேல். வாரத்துக்கு மூன்று இஞ்சின்கள் வரை செய்யும் திறன் இருந்தது. 1904-இல் மணிக்கு நூறு மைலைத் தொட்டதாகச் சொல்லப்படும் 'சிட்டி ஆஃப் ட்ரூரோ', 1927-இல் அமெரிக்கா போய் மணியைப் பரிசாக வாங்கிவந்த 'கிங் ஜார்ஜ் தி ஃபிஃப்த்' இரண்டும் இங்கே பிறந்தவை.

ஏன் மூடினார்கள்?

1948-இல் ரயில்வே நாட்டுடைமையான பிறகு நாடெங்கும் பணிமனைகள் தேவைக்கு மேல் இருந்தன. நீராவி போய் டீசல் வந்தது. பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி இஞ்சின் 'ஈவ்னிங் ஸ்டார்' 1960 மார்ச் 18 அன்று இங்கேதான் பெயர் சூட்டப்பட்டது. 1965-க்குப் பிறகு புதிய இஞ்சின் எதுவும் செய்யவில்லை, பழுதுபார்ப்பும் சுருங்கியது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 150-ஆவது ஆண்டைக் கொண்டாட ஊர் தயாரான 1985-லேயே மூடல் அறிவிப்பு வந்தது. கொண்டாட்டத்தை எப்படி முகம் கொடுத்து நடத்துவது என்று தொழிலாளர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. அடுத்த மார்ச்சில் வாயில் மூடியது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

பணிமனைக் கட்டடங்களில் ஒரு பகுதி 1997 முதல் பெரிய அங்காடி வளாகமாக இருக்கிறது. சுவர்களையும் பளுதூக்கிகளையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 2000-இல் திறந்த 'ஸ்டீம்' அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். நாட்டின் மரபுச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டின் தலைமையகமும் பணிமனை நிலத்தில்தான் இருக்கிறது. தொழிலாளர்கள் தண்டவாளத்துக்கு அடியில் நடந்து உள்ளே போன சுரங்கவழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ரயில்வே கிராமத்து வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். வீதிகளில் நடந்து பார்க்கலாம், முற்றங்களுக்குள் எட்டிப்பார்க்க வேண்டாம். மில்டன் ரோட்டுக் குளியல் கட்டடமும் நிற்கிறது.

மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன் 1986-இல் மூடப்பட்டது முதல் பழுதுபட்டுக் கிடக்கிறது. தொழிலாளர்கள் எழுப்பிய கட்டடம் அது. அதை மீட்க ஊர் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். ஸ்விண்டன் போகிறவர்கள் அங்காடியோடு திரும்பிவிடாமல் அந்தக் கட்டடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.